கப்பலுக்கு ஒரு சான்றிதழ்

பாம்பூஃப்ளாட்
20 மே 2024

வணக்கம்.

நலம். உங்கள் நலத்தைக் கேட்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். கேட்டால் பதில் எழுதுவீர்கள், பதிலில் வேறு பேச்சு வரும். இந்தக் கடிதம் அதற்கு இல்லை.

போனில் பேச மாட்டேன் என்று கிளம்பும்போதே சொன்னேன். உங்கள் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன். இந்திராணி அக்காவின் போனுக்கும் அடிக்காதீர்கள். அத்தான் ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்கக் கேட்க வைக்கிறார்.

போர்ட் பிளேரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆபீஸ் அசிஸ்டெண்ட் எடுக்கிறார்கள். எனக்கு இன்னும் வயது தாண்டாத ஒரே இடம் இதுதான். போனில் இருந்த சான்றிதழ்களின் பழைய போட்டோக்களை வைத்து ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டேன். ஜூன் கடைசியில் ஒரிஜினல்களோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் சான்றிதழ்கள் எல்லாம் அங்கே கேம்பல் பே வீட்டில், இரும்பு பீரோவின் மேல்தட்டில், நீலநிற பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கின்றன. பி.காம். டிகிரி, டைப்பிங் ஹையர், இந்தத் தீவுக்காரி என்கிற லோக்கல் சர்டிஃபிகேட், கல்யாணத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சி கொடுத்த அனுபவச் சான்று. ஃபைலோடு அப்படியே, கப்பலில் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். நானே வந்து எடுத்துக்கொள்ளலாம்தான். அந்த வீட்டுப் படி ஏற இஷ்டமில்லை.

இந்த வேலை கிடைத்தால் தனியாக ஒரு அறை எடுத்துக்கொள்வேன். கிடைக்காவிட்டால் அக்கா வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான். எல்லாரும் சீரியல் பார்த்து முடித்த பிறகுதான் எனக்குத் தூக்கம். அத்தான் நல்லவர், முகம் சுளிப்பதில்லை. அவர் முகம் சுளிக்காமல் இருக்கச் சிரமப்படுவது எனக்குத் தெரிகிறது, அதுதான் கஷ்டம்.

நீலாவதி


கேம்பல் பே
31 மே 2024

அன்புள்ள நீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதில்லை அல்லவா. இத்தனை வருடத்தில் உன் கையெழுத்தை ரேஷன் லிஸ்ட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முழுப் பக்கத்துக்குப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கோபத்திலும் வரி கோணாமல் எழுதியிருக்கிறாய்.

பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் பிரவீன்குமார் நாளைக் கப்பலில் வருகிறார். அவரிடம் பி.காம். சான்றிதழைக் கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அடுத்தடுத்த கப்பலில். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்து, அவர் கடல் ஒத்துக்கொள்ளாமல் படுத்த இடத்தில் பையை விட்டுவிட்டால் உன் படிப்பு மொத்தமும் போச்சு. பிரித்து அனுப்புவதுதான் பத்திரம்.

நேரில் போகும்போது சில விஷயங்களைக் கவனி. எங்கள் ஆபீஸில் ஒப்பந்த ஆள் எடுக்கும்போதெல்லாம் உறை பிரிக்கிற வேலை ஸ்டோர் கிளார்க்கான என் தலையில்தான் விழும், உனக்குத் தெரியும். படித்தவன் படிக்காதவன் என்று பார்த்து யாரும் கழிப்பதில்லை. கையெழுத்து இல்லையா, கழி. நகலில் சுய அத்தாட்சி இல்லையா, கழி. விளம்பரத்தில் கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ எழுதியிருக்கிறானா, கழி. நாற்பது பேர் எழுதினால் பாதிப் பேர் இப்படியே போய்விடுவார்கள். அதனால் விளம்பரத்தை இன்னொரு தடவை படி. அவர்கள் கேட்ட வரிசையிலேயே காகிதங்களை அடுக்கு. கேட்ட பிறகு பையைக் கிளறாதே. கிளறினால் வீட்டிலும் இப்படித்தான் இருப்பாள் என்று நினைப்பார்கள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. எதிர் குவார்ட்டர்ஸ் காலியாகவே கிடக்கிறது.

முத்துகிருஷ்ணன்


பாம்பூஃப்ளாட்
8 ஜூன் 2024

வணக்கம்.

டிகிரி மட்டும் வந்தது. ஃபைலோடு அனுப்பச் சொன்னேன். பிரவீன்குமார் சாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதா? கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் இறங்கும்போது கையில் பஜ்ஜி பொட்டலத்தோடு இறங்கினார். மிச்சத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.

நீங்கள் சொன்ன மாதிரி விளம்பரத்தை மறுபடி படித்தேன். டைப்பிங்கும் இரண்டு வருட ஆபீஸ் அனுபவமும் கட்டாயம் என்று போட்டிருக்கிறது. அனுபவச் சான்று இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். ஏஜென்சியை எப்போதோ மூடிவிட்டார்கள், இன்னொரு பிரதி வாங்கவும் வழியில்லை.

தினமும் காலையில் ஃபெரியில் சாத்தம் போகிறேன். அங்கிருந்து பஸ் பிடித்து அபர்டீன் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டைப்பிங் பழகுகிறேன். விரல் மறக்கவில்லை, கண்தான் கொஞ்சம் தடுமாறுகிறது. ஃபெரியில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். டிபன் டப்பா, அடையாள அட்டை, அவசரம். நானும் பை மாட்டிக்கொண்டு அவர்களோடு நிற்கிறேன். நேற்று ஒரு பெண் "எந்த டிபார்ட்மெண்ட் தீதி?" என்று கேட்டாள். "இன்னும் இல்லை" என்றேன்.

நீலாவதி


கேம்பல் பே
16 ஜூன் 2024

அன்புள்ள நீலாவுக்கு,

இந்தத் தடவை டைப்பிங் சான்றிதழும் லோக்கல் சர்டிஃபிகேட்டும் வருகின்றன. ஆஸ்பத்திரி நர்ஸ் ராஜகுமாரி லீவில் வருகிறாள், அவளிடம் கொடுத்திருக்கிறேன். அனுபவச் சான்று அடுத்த கப்பலில் கட்டாயம் வந்துவிடும். பயப்படாதே, நாள் இருக்கிறது.

உன் கடிதத்தைச் சனிக்கிழமை படித்தேன். இன்றைக்கு ஞாயிறு, மறுபடியும் படித்தேன், வேறு வேலை இல்லை. தோசை மாவு அரைக்கப் போய் மிக்ஸியின் அடிப்பாகம் எரிந்துவிட்டது. ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறேன். ஆபீஸில் யாராவது "மேடம் எப்போ வர்றாங்க?" என்று கேட்டால், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிறேன். பாவம் இந்திராணி, நான் சொன்னதற்கு இந்நேரம் அவள் படுத்த படுக்கையாகியிருக்க வேண்டும்.

நேரில் கேள்வி கேட்டால் ரொம்ப நீட்டாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். "எந்த வேலையாக இருந்தாலும் செய்வேன்" என்று மட்டும் சொல்லாதே. அப்படி எழுதுகிறவர்களை எங்கள் சூப்பரிண்டெண்ட் தனிக் கட்டாகப் போட்டு ஓரமாக வைப்பார். எந்த வேலையும் தெரியாதவன்தான் எந்த வேலையும் செய்வேன் என்பான், அது அவர் கணக்கு.

டைப்பிங் கடையில் மின்விசிறி இருக்கிறதா? பதில் எழுது.

முத்துகிருஷ்ணன்


பாம்பூஃப்ளாட்
3 ஜூலை 2024

கடல் மோசம் என்று கப்பல் ரத்து. ரேடியோவில் சொன்னதை அத்தான்தான் வந்து சொன்னார். அனுபவச் சான்று வரவில்லை. ஆனாலும் போனேன். மேஜையில் இருந்தவர் என் காகிதங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "எக்ஸ்பீரியன்ஸ் கா ஒரிஜினல்?" என்றார். கப்பலில் வருகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. காகிதக் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து சாத்தம் ஜெட்டியில் உட்கார்ந்திருந்தேன். ஃபெரி வந்தது, போனது, மறுபடி வந்தது. ஏறத் தோன்றவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் என்ன சொல்வது.

இன்றைக்கு ராஜகுமாரியைப் பஜாரில் பார்த்தேன். அவள் சொன்னாள்: "அக்கா, அண்ணன் கைல முழு ஃபைலும் இருந்துச்சு. அதுலேர்ந்து ரெண்டு தாள உருவி என்கிட்ட குடுத்தாரு. மிச்சத்தையும் குடுங்கண்ணே, நான் பத்திரமா கொண்டு போறேன்னேன். வேண்டாம்மா, அது அடுத்த கப்பலுக்குன்னாரு."

அடுத்த கப்பலுக்கு. கடல் ஒத்துக்கொள்ளாது, பை தொலையும் என்றெல்லாம் எழுதினீர்களே, எல்லாம் கதை. இரண்டு வருடம் என்று சொல்லி அந்தக் கடைசித் தீவுக்கு அழைத்துப் போய்ப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் மாற்றலைத் தள்ளிப்போட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள், அடுத்தவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். இப்போது என் காகிதங்களையும் அதேபோல் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். ஏன் என்று எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையில்லை.

நீலாவதி


கேம்பல் பே
14 ஜூலை 2024

நீலாவுக்கு,

நீல ஃபைல், அதில் இருந்த எல்லாமும், பத்தாவது மார்க் ஷீட் உட்பட வருகிறது. ரெஜிஸ்டர்டு தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

ஏன் என்று எழுத வேண்டாம் என்றாய். ஒரு வரி மட்டும் எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பிவிட்டால் அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் வராது என்று நினைத்தேன்.

உன் வேலை போனது என்னால்தான். கடலால் இல்லை.

முத்துகிருஷ்ணன்


பாம்பூஃப்ளாட்
29 ஆகஸ்ட் 2024

வணக்கம்.

ஃபைல் அப்போதே வந்தது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போதும் மன்னித்து எழுதவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும், அது தெரிந்த ஆள் எனக்கு நீங்கள் ஒருவர்தான். அதனால் எழுதுகிறேன்.

கையில் எல்லாக் காகிதமும் இருக்கிறது, வேலை மட்டும் கிடைக்கவில்லை. அரசு வேலைக்கு வயது முடிந்தது. ஹோட்டல், பள்ளிக்கூடம், டிராவல்ஸ் என்று தெரிந்த இடத்துக்கெல்லாம் பயோடேட்டா கொடுத்தாகிவிட்டது. அக்கா பிள்ளை கோகுல் கம்ப்யூட்டரில் அழகாகச் செய்து கொடுத்தான், பூ பார்டர் எல்லாம் போட்டு. அதையே நகல் எடுத்து எல்லா இடத்திலும் கொடுக்கிறேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டிலும் ஒரே கேள்வி, "நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" சும்மா வீட்டில் இருந்தேன் என்றேன். சரி, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

நீங்கள் எத்தனையோ உறைகளைப் பிரித்திருக்கிறீர்கள். இப்படி நடுவில் ஒன்றுமே இல்லாதவர்களின் விண்ணப்பத்தை என்ன செய்வீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரு படகுக் கம்பெனி விளம்பரம் வந்திருக்கிறது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகிற வேகப் படகுகள். டிக்கெட் கவுண்ட்டருக்கு ஆள் வேண்டும், இந்தி பேச வேண்டும், கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிய வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். இதற்கும் அதே நகலைத்தான் கொடுக்கப் போகிறேன், வேறென்ன செய்ய.

அக்காவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை. காய்ச்சல். நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. நான்தான் சமைக்கிறேன். சமைக்கிற நாட்களில் மட்டும் இந்த வீட்டில் எனக்கு ஒரு இடம் இருக்கிற மாதிரி இருக்கிறது.

நீலாவதி


கேம்பல் பே
7 செப்டம்பர் 2024

அன்புள்ள நீலாவுக்கு,

உண்மையைச் சொல்கிறேன். நடுவில் ஒன்றும் இல்லாதவர்களின் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவோம். ஆனால் உன் விண்ணப்பம் அந்தக் கட்டோடு சேராது. சும்மா வீட்டில் இருந்தேன் என்று இனி யாரிடமும் சொல்லாதே. அது பொய். நான் அதே வீட்டில் இருந்தவன்.

கோகுல் செய்த நகலைக் கொடுக்காதே. பூ பார்டரைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை என்று நினைப்பார்கள். ஒரே தாளை எல்லா இடத்துக்கும் கொடுத்தால், இது நமக்காக எழுதியது இல்லை என்று படிக்கிறவனுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்தப் படகுக் கம்பெனிக்காக மட்டும் புதிதாக ஒரு பக்கம் எழுது. ஒரு பக்கத்தைத் தாண்டாதே. அவர்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்கள். டிக்கெட், இந்தி, கூட்டம். இந்த மூன்றுக்கும் நீ என்ன செய்திருக்கிறாய் என்று மட்டும் எழுது.

என்ன செய்தேன் என்று கேட்பாய். கோவிந்த் நகர், காந்தி நகர் கிராமங்களில் பாதிப் பேருக்குக் கப்பல் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தது நீ. டிக்கெட் விற்பனை திறக்கிற நாளில் விடிவதற்கு முன்பே நம் வாசலில் செருப்புகள் கிடக்கும். நான் எரிச்சலோடு தாண்டிப் போவேன். நோயாளி யார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை யார், சும்மா ஊர் சுற்றப் போகிறவன் யார் என்று பிரித்து, முதலில் யாரை வரிசையில் நிறுத்த வேண்டும் என்று நீ சொன்னால் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய சர்தார்ஜிகள்கூட மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கப்பல் ரத்தான ஒரு நாள் ஜெட்டியில் கைகலப்பு ஆகிவிட்டது, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நீ பெட்டியின் மேல் ஏறி நின்று, இந்தியில் பாதி, பெங்காலியில் பாதி பேசி, குழந்தைகளோடு இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்து, எல்லாருக்கும் கிச்சடி ஏற்பாடு செய்தாய். போலீஸ்காரர் உனக்கு சல்யூட் வைத்தார். நான் ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் பெருமையாக எழுதாதே. நடந்ததை நடந்தபடி எழுது. சாட்சிக்கு ஒருவர் பெயரும் போனும் கேட்பார்கள். என் பெயரைக் கொடுக்காதே, புருஷன் சாட்சி செல்லாது. காந்தி நகர் குர்மீத் கௌர் அம்மாவிடம் பேசிவிட்டேன், அவர் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். "எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் பேசுகிறேன்" என்றார். தபாலில் போடாதே. நேரில் கொண்டு போய்க் கொடு. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பதில் வராவிட்டால் மறுபடி போய்க் கேள். கேட்பதில் ஒன்றும் வெட்கமில்லை, நம்ம ஊரில் கேட்கிறவர்களைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இந்திராணியை ஓய்வெடுக்கச் சொல்.

முத்துகிருஷ்ணன்


லம்பா லைன்
20 அக்டோபர் 2024

வணக்கம்.

முகவரியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். வேலை கிடைத்துவிட்டது, தனி அறையும் எடுத்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி ஒரு பக்கம் எழுதி நேரில் கொடுத்தேன். ஒரு வாரம் பதில் இல்லை. மறுபடி போனேன். மேனேஜர் ராஜமாணிக்கம் மதுரைக்காரர். "நீங்கதானா அது? உக்காருங்க" என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். விண்ணப்பக் கட்டிலிருந்து என் தாளைத் தேடி எடுக்கவில்லை, அது அவர் மேஜை மேலேயே இருந்தது.

"கப்பல் கேன்சல் ஆனா ஜனங்க கவுண்ட்டர் கண்ணாடிய ஒடைக்க வருவாங்க. என்ன செய்வீங்க?" என்றார்.

"மொதல்ல வெளிய வந்துருவேன் சார். கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பேசுனா இன்னும் கோவம்தான் வரும்" என்றேன்.

அவர் என் முன்னாலேயே குர்மீத் அம்மாவுக்குப் போன் போட்டார். நீலா இல்லாவிட்டால் பாதிப் பேர் ஜெட்டியிலேயே கிடந்து செத்திருப்போம் என்று அந்த அம்மா இந்தியில் போட்ட சத்தத்தில் மேனேஜர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஏம்மா, இவ்ளோ பேரு மதிக்கிற எடத்த விட்டுட்டு ஏன் வந்தீங்க?" என்று கேட்டார். இதற்கு நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஊரே பேசும் சார். வீட்டுக்குள்ள பேச ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்போ என்று இருந்தது. அவர் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களா? அந்தக் கிச்சடி நாளில் வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "எனக்குச் சாப்பாடு இருக்கா?" அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, கிளம்பித்தான் இருப்பேன். இவ்வளவு வெறுப்போடு கிளம்பியிருக்க மாட்டேன்.

அறை சின்னது. ஒரு ஜன்னல், அதில் விமானம் இறங்குவது தெரியும். அக்கா ஒரு குக்கர் கொடுத்தாள், அத்தான் மூட்டை தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். முதல் வாரம் கதவைச் சாத்தியதும் அப்பாடா என்று இருந்தது. இரண்டாவது வாரம் குக்கரிடம் "இரு, இதோ வரேன்" என்று பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு எனக்கே பயமாகிவிட்டது.

நீலாவதி


கேம்பல் பே
2 நவம்பர் 2024

அன்புள்ள நீலாவுக்கு,

ரொம்பச் சந்தோஷம். ஆபீஸில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். மனைவிக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றேன். "மேடம் போர்ட் பிளேர்லயே தங்கிட்டாங்களா?" என்று சூப்பரிண்டெண்ட் கேட்டார். ஆமாம் என்றேன். அக்கா உடம்பு கதை அத்தோடு முடிந்தது.

உன் கடிதத்தில் நீ எழுதியிருப்பது எல்லாம் சரி.

போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் நானாகக் கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆள் இல்லை, இன்னும் கொஞ்சம் நாள் இருங்கள் என்று சொல்வார்கள், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஊரார் விண்ணப்பத்தில் எல்லாம் குறை கண்டுபிடிக்கிறேன், என்னுடையது எழுத வரவில்லை. காரணம் என்ற இடத்தில், "என் மனைவி போர்ட் பிளேரில் பணிபுரிவதால், அவருடைய பாதுகாப்பு கருதியும் குடும்ப நலன் கருதியும்" என்று எழுதியிருக்கிறேன். நகல் இதோடு வருகிறது. பார்த்துச் சொல்.

முத்துகிருஷ்ணன்


லம்பா லைன்
13 நவம்பர் 2024

வணக்கம்.

பார்த்தேன். இது தேறாது.

முதலில் விதி. மனைவி அரசு வேலையில் இருந்தால்தான் அந்தக் காரணம் எடுபடும். நான் தனியார் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கிறேன். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, என் பாதுகாப்பு. எனக்கு என்ன ஆபத்து? கவுண்ட்டரில் நான் எழுந்து நின்றால் மற்றவர்கள்தான் உட்காருகிறார்கள். என்னைக் காரணமாக எழுதாதீர்கள். இவ்வளவு காலம் ஆபீஸுக்கு ஆள் வேண்டும் என்று அங்கே இருந்தீர்கள். இப்போது மனைவிக்கு ஆள் வேண்டும் என்று இங்கே வருவேன் என்கிறீர்கள். நடுவில் நீங்கள் எங்கே? உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லி ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. சாப்பாடு வேண்டும் என்பதைக்கூட இருக்கா என்றுதான் கேட்பீர்கள்.

நீங்கள் வந்தால் சேர்ந்து இருப்போம் என்று நான் சொல்லவில்லை. அதை இப்போதே எழுதிவிடுகிறேன். அறை ஒரு ஆளுக்கானது. வேறு வீடு பார்க்கலாமா என்று நான் யோசிப்பேனா மாட்டேனா, எனக்கே தெரியாது. அதை நம்பி மாற்றல் கேட்காதீர்கள். நான் இல்லாவிட்டாலும் உங்களுக்கு அங்கிருந்து வர வேண்டும் என்று இருந்தால் கேளுங்கள். அதை எழுதுங்கள்.

நகலில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். கோபத்தில் இல்லை.

நீலாவதி


கேம்பல் பே
25 நவம்பர் 2024

அன்புள்ள நீலாவுக்கு,

நீ கோடு போட்டதை எல்லாம் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. ஒரு வாரம் அப்படியே மேஜையில் கிடந்தது. இன்றைக்கு எழுதி முடித்துக் கொடுத்துவிட்டேன்.

சூப்பரிண்டெண்ட் என் முன்னாலேயே படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன முத்துகிருஷ்ணன், இத எப்படி மேல அனுப்புறது? காரணம்னு ஒண்ணு எழுதுங்க. ரத்தக் கொதிப்பு, சுகர், எதையாவது போடுங்க, நான் ஃபார்வர்ட் பண்றேன்" என்றார்.

"அதெல்லாம் எனக்கு இல்ல சார். இதுதான் இருக்கு" என்றேன்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு முத்திரை போட்டுக் கையெழுத்துப் போட்டார். போர்ட் பிளேர் போய்த் திரும்பி வர மாதக் கணக்காகும், அங்கே யாராவது படித்துவிட்டுச் சிரித்தாலும் சிரிப்பார்கள், கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். சரி என்றேன்.

காரணம் என்ற இடத்தில் ஒரே வரிதான். "என்னால் இங்கே தனியாக இருக்க முடியவில்லை."

வீடு பார்ப்பதைப் பற்றி நீ யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் அதை மாற்றி எழுத மாட்டேன். நீ எழுதினால் படிப்பேன். எழுதாவிட்டாலும் கப்பல் வருகிற அன்று ஜெட்டிக்குப் போய் நின்றுவிட்டு வருவேன், மற்றவர்களுக்கு வருகிற கடிதங்களைப் பார்த்துக்கொண்டு.

முத்துகிருஷ்ணன்